பழைய கைது ஒன்று இருக்கிறது: அமெரிக்காவில் மெடிக்கல், லா ஸ்கூல் விண்ணப்பத்தில் அதை எப்படிச் சொல்வது?

மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், பார்மசி, நர்சிங் என்று உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும் என்கிற எந்தப் படிப்புக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தாலும், படிவத்தில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கேள்வி காத்திருக்கும்: உங்கள் மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா? கடையில் செல்ஃப் செக்கவுட்டில் ஸ்கேன் செய்யாமல் ஒரு பொருளை எடுத்து வந்தது, 19 வயதில் பியர் டப்பாவோடு மாட்டியது, ரூம்மேட்டோடு சண்டை போட்டுப் போலீஸ் வந்தது எல்லாம் அங்கே வந்து நிற்கும்.

வீட்டில் "சொல்லாதே, யாருக்குத் தெரியப்போகிறது" என்பார்கள். நண்பர்கள் "எதற்கு வம்பு, எல்லாவற்றையும் கொட்டிவிடு" என்பார்கள். இரண்டும் மோசமான யோசனை. முதலாவது ஏன் மோசம் என்பது சுலபமாகப் புரியும். இரண்டாவதுதான் பலரை மாட்டிவிடுகிறது.

இந்தக் கேள்வி ஒரே ஒரு முறை கேட்கப்படுவதில்லை. கல்லூரி கேட்கும், சேர்க்கை கிடைத்தபின் பின்னணிச் சோதனை நிறுவனம் தோண்டும், படிப்பு முடிந்ததும் மாநில மருத்துவ வாரியமோ, வக்கீல் உரிமம் தரும் பார் குழுவோ கேட்கும், குடியுரிமை இல்லாதவர் என்றால் ஒவ்வொரு விசா படிவமும் கேட்கும். பார் குழு உங்கள் லா ஸ்கூல் விண்ணப்பத்தையே கல்லூரியிடமிருந்து வாங்கி, அன்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும். நடந்த சம்பவம் மட்டும் ஒருவரை வெளியே நிறுத்துவது அரிது. பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுதான் நிறுத்துகிறது. கீழே சொல்லியிருக்கும் வேலைகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில்: உங்களுக்கு நடந்தது சட்டப்படி என்ன?

"என்னை அரெஸ்ட் பண்ணவில்லை, ஒரு டிக்கெட்தான் கொடுத்தார்கள்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அந்த டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பார்க்கிங் டிக்கெட்டும் சிவப்பு விளக்கு டிக்கெட்டும் வேறு. நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கிரிமினல் சம்மன் வேறு. கையில் விலங்கு மாட்டாமல், ஸ்டேஷனுக்கே கூட்டிப் போகாமல், தெருவிலேயே கொடுத்துவிட்டுப் போகும் தாள்கூட மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) குற்றச்சாட்டாக இருக்கலாம்.

வர்ஜீனியாவில் கார் ஓட்டுபவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே வேக வரம்பைவிட மணிக்கு 20 மைல் கூடுதலாகப் போனாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது ரெக்லஸ் டிரைவிங். அதாவது முதல் வகுப்பு மிஸ்டிமீனர்: 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பலர் அபராதம் கட்டிவிட்டு வெறும் ஸ்பீடிங் டிக்கெட் என்று மறந்துவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டியிருந்தால் அது கிரிமினல் குற்றத்தீர்ப்பு. படிவத்தில் "போக்குவரத்து விதிமீறல்களைத் தவிர்த்து" என்று இருந்தாலும் இது அந்த விலக்கில் அடங்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

நான்கு கட்டங்களைத் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் பிடித்தது கைது அல்லது சம்மன். அரசு வழக்கறிஞர் வழக்கு போட்டது குற்றச்சாட்டு. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது வாக்குமூலம்: குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா, மறுத்தீர்களா, எதிர்க்கவில்லை என்று மட்டும் சொன்னீர்களா. கடைசியாக வழக்கு எப்படி முடிந்தது என்பது. இதை அங்கே டிஸ்போசிஷன் என்பார்கள். தள்ளுபடி, விடுதலை, குற்றத்தீர்ப்பு, டைவர்ஷன் திட்டத்தை (தண்டனைக்குப் பதிலாக வகுப்பு, சமூக சேவை) முடித்தபின் தள்ளுபடி என்று பல வகை உண்டு. ஒவ்வொரு படிவமும் இந்த நான்கில் வேறு வேறு கட்டத்தைப் பற்றிக் கேட்கும். நினைவை நம்பி எழுதினால் இங்கேதான் சறுக்கும்.

தாள்களைச் சேகரிப்பது

விண்ணப்பம் அனுப்புவதற்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். மெடிக்கல் என்றால் ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பம்) படிவம் மே மாதம் திறக்கும். பிப்ரவரியில் தாள் வேட்டையில் இறங்கினால் பதற்றம் இருக்காது.

முதல் தாள், வழக்கு நடந்த நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட டிஸ்போசிஷன் நகல். இணையத்தில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் போதாது. கூடவே குற்றச்சாட்டுத் தாள், டாக்கெட் (வழக்கு நடந்த விவரப் பட்டியல்) இரண்டையும் கேளுங்கள். பழைய வழக்கென்றால் கோப்பே அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது "ஆவணம் எங்களிடம் இல்லை" என்று கிளார்க்கிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதமும் ஓர் ஆவணம்தான், பார் குழுக்கள் அதைத்தான் கேட்கும்.

இரண்டாவது, போலீஸ் ரிப்போர்ட். இதை வாங்கப் பலர் கூச்சப்படுவார்கள், அல்லது படிக்கவே பிடிக்காமல் விட்டுவிடுவார்கள். ஆனால் உங்கள் விளக்கத்தைப் பின்னாளில் சரிபார்ப்பவர் கையில் இருக்கப்போவது இதுதான். "ஒரே ஒரு பியர்" என்று நீங்கள் எழுதி, "நான்கு குடித்ததாகச் சொன்னார்" என்று ரிப்போர்ட்டில் இருந்தால், நான்கு பியர் பிரச்சினையாகாது, அந்த ஒன்று ஆகும்.

மூன்றாவது, எஃப்.பி.ஐ. உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவு. கட்டணம் 18 டாலர். எஃப்.பி.ஐ. தளத்திலேயே விண்ணப்பித்து, கைரேகை எடுக்கும் வசதியுள்ள தபால் நிலையத்தில் ரேகை கொடுத்தால் சீக்கிரம் வரும். மை தடவிய கைரேகை அட்டையைத் தபாலில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். விரல் நுனி தேய்ந்தவர்களுக்கு ரேகை தெளிவில்லை என்று திரும்பி வருவதும் உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். மாநிலப் பதிவு தனி: கலிபோர்னியாவில் லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகை) மூலம் மாநில அரசின் நீதித் துறையிடம் கேட்கலாம், 25 டாலரோடு ரேகை எடுப்பவரின் கூலி. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கு ஓர் அலுவலகம் இருக்கும்.

எஃப்.பி.ஐ. பதிவில் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று: கைது இருக்கும், முடிவு இருக்காது. வழக்கு தள்ளுபடியான சேதியை உள்ளூர் நீதிமன்றம் மேலே அனுப்பாமல் விட்டிருக்கும். வாசிப்பவர் கண்ணுக்கு வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதுபோலத் தெரியும். முத்திரையிட்ட டிஸ்போசிஷனை மாநிலப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்தச் சொல்லலாம். இதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்வது.

நான்காவது, நீங்கள் படித்த கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. இதை மறப்பவர்கள்தான் அதிகம். உங்கள் கோப்பைப் பார்க்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

கேள்வியை வரிவரியாகப் படிப்பது

மெடிக்கல் ஸ்கூலுக்கான ஆம்காஸ் படிவம் கைதைப் பற்றிக் கேட்பதில்லை. ஃபெலனி (கடுங்குற்றம்), மிஸ்டிமீனர் என்று இரண்டு கேள்விகள். இரண்டுமே குற்றத்தீர்ப்பு உண்டா, குற்றத்தை ஒப்புக்கொண்டோ எதிர்க்காமலோ இருந்தீர்களா என்றுதான் கேட்கும். சிறார் நீதிமன்ற வழக்குகளும் நீதிமன்றம் அழித்த அல்லது சீல் வைத்த தீர்ப்புகளும் விலக்கு. மிஸ்டிமீனரில், நன்னடத்தைக் காலம் முடிந்து நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்குகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் இதே படிவத்தில் இன்னொரு கேள்வி: கல்லூரி உங்கள் மேல் நடவடிக்கை எடுத்ததா? இதில் விலக்கு கிடையாது. படிப்பு தடைபடாவிட்டாலும், ட்ரான்ஸ்க்ரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இல்லாவிட்டாலும், அந்தப் பதிவு அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

லா ஸ்கூல் கதை வேறு. லா ஸ்கூல் விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. அமைப்பு வழியாக விண்ணப்பித்தாலும் நடத்தை பற்றிய கேள்வியை ஒவ்வொரு கல்லூரியும் தானே எழுதுகிறது. ஒன்று குற்றத்தீர்ப்பு மட்டும் கேட்கும். இன்னொன்று "கைது, சம்மன், குற்றச்சாட்டு, தள்ளுபடியானாலும், அழிக்கப்பட்டிருந்தாலும்" என்று நீளமாகக் கேட்கும். மூன்றாவது, குறிப்பிட்ட தொகைக்குக் கீழான போக்குவரத்து அபராதங்களை மட்டும் விடும்.

ஒரே இரவு எத்தனை விதமாகப் பதிலாகும் என்று பாருங்கள். 19 வயது மாணவர், விடுதி வாசலில் பியரோடு பிடிபட்டு மிஸ்டிமீனர் சம்மன் வாங்குகிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே டைவர்ஷன் திட்டத்தை முடித்ததும் வழக்கு தள்ளுபடி. பல்கலைக்கழகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறது. ஆம்காஸில் மிஸ்டிமீனர் கேள்விக்குப் பதில் "இல்லை". அதே ஆம்காஸில் கல்லூரி நடவடிக்கைக் கேள்விக்குப் பதில் "ஆம்". குற்றச்சாட்டு இருந்ததா என்று கேட்கும் லா ஸ்கூலுக்குப் பதில் "ஆம்". குற்றத்தீர்ப்பு மட்டும் கேட்கும் லா ஸ்கூலுக்கு "இல்லை". நான்கும் உண்மை, ஒன்றோடொன்று முரண்படவும் இல்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிடு என்ற யோசனை கெடுதல் செய்வதும் இங்கேதான். கேட்காத தள்ளுபடி வழக்கை ஒரு கல்லூரிக்குச் சொல்லிவிட்டு இன்னொன்றுக்குச் சொல்லாமல் விட்டால், இல்லாத முரண்பாட்டை நீங்களே உண்டாக்குகிறீர்கள். அதோடு, கேள்வியைச் சரியாகப் படிக்கத் தெரியாதவர் என்ற எண்ணமும் வரும். சட்டம் படிக்கப் போகிறவருக்கு அது நல்ல அறிமுகம் இல்லை. ஆனால் கேள்வி உண்மையிலேயே இரண்டு விதமாகப் புரிந்தால், சொல்லும் பக்கமே சாயுங்கள். அதற்கு முன் அட்மிஷன் அலுவலகத்தைப் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த வகை வழக்கை இந்தக் கேள்வி உள்ளடக்குமா" என்று கேட்கலாம். தேதியோடு பதிலைக் குறித்து வையுங்கள்.

ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: கல்லூரியின் பெயர், கேள்வியின் வாசகம் எழுத்து மாறாமல், நீங்கள் சொன்ன பதில், அனுப்பிய தேதி. மூன்று வருடம் கழித்து பார் விண்ணப்பம் நிரப்பும்போது, "அன்று என்ன கேட்டார்கள்" என்பதுதான் உங்களுக்கு மறந்திருக்கும். கல்லூரிகளும் கேள்வியை ஆண்டுக்கு ஆண்டு மாற்றும்.

இளங்கலை சேர்க்கையின்போது யாரும் கேட்கவில்லையே என்று சிலர் நினைப்பார்கள். இளங்கலைக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப் 2019-லிருந்து அந்தக் கேள்வியைப் பொதுப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டது உண்மைதான். அந்தத் தளர்வு தொழில்முறைப் படிப்புகளுக்கு வந்து சேரவில்லை.

சீல், எக்ஸ்பஞ்ச், டைவர்ஷன்: இவை எதை மறைக்கும், எதை மறைக்காது

"வக்கீல் எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது என்றார்" என்பது பாதி உண்மை. நீங்கள் ஏதாவது வேலைக்கு விண்ணப்பிப்பதை மனதில் வைத்து அவர் சொல்லியிருப்பார். எந்த மாநிலம், எந்த உத்தரவு, யார் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்துப் பதில் மாறும்.

ஃபுளோரிடா சட்டம் எக்ஸ்பஞ்ச் ஆன (பதிவு அழிக்கப்பட்ட) கைதை மறுக்க அனுமதி தருகிறது. அதே சட்டம் சில பேருக்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறது: ஃபுளோரிடா பாரில் சேர விண்ணப்பிப்பவர் அதில் ஒருவர். கலிபோர்னியாவில் குற்றவியல் சட்டம் 1203.4-இன் கீழ் கிடைப்பது, பதிவை மாயமாக்குவது அல்ல. "தள்ளுபடி" என்ற குறிப்போடு வழக்கு அங்கேயே இருக்கும். நியூயார்க்கில் ஏ.சி.டி. என்றால் வழக்கு பெரும்பாலும் ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டு, அதற்குள் வேறு சிக்கல் வராவிட்டால் தள்ளுபடியாகி சீல் வைக்கப்படும். அந்த ஆறு மாதம் முடியும் முன் விண்ணப்பித்தால் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்றுதான் பொருள். ஒரு மாதம் தள்ளி விண்ணப்பிப்பது சில சமயம் ஒரு பக்க விளக்கத்தையே மிச்சப்படுத்தும்.

செய்ய வேண்டியது: அழிப்பு உத்தரவின் நகலை எடுத்து, அது எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வந்தது என்று பாருங்கள். பிறகு படிவத்தின் கேள்வியில் "அழிக்கப்பட்டது உட்பட" என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டையும் அந்த மாநில வக்கீல் ஒருவரிடம் காட்டி, உரிமம் வாங்கப் போகிறேன் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் கேட்டால் கிடைக்கும் பதில் தவறாகவே இருக்கும்.

இன்னொரு வதந்தி: ஏழு வருடம் தாண்டினால் தெரியாது. தண்டனையில் முடியாத கைதுகளைத் தனியார் சோதனை நிறுவனங்கள் ஏழு ஆண்டுக்குப் பின் தங்கள் அறிக்கையில் போடுவதற்கு மத்தியச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, அதிலும் விலக்குகள் உண்டு. பார் குழுவையோ குடிவரவுத் துறையையோ அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

விளக்கம் எழுதுவது

ஆம்காஸ் தரும் இடம் இடைவெளிகளோடு சேர்த்து 1,325 எழுத்துகள். ஆங்கிலத்தில் சுமார் இருநூறு வார்த்தைகள். லா ஸ்கூலுக்குத் தனித்தாள், ஒரு பக்கத்துக்குள். முதலில் தேதி, ஊர், வயது, அடுத்து என்ன செய்தீர்கள், குற்றச்சாட்டின் சட்டப் பெயர், நீதிமன்றம், முடிவும் அதன் தேதியும், விதித்த நிபந்தனைகளை முடித்த விவரம், கடைசியில் ஓரிரு வரி பொறுப்பேற்பு. தத்துவம் பேச இடமில்லை, தேவையும் இல்லை.

பலரும் முதல் வரைவில் எழுதுவது இந்த ரகம்:

"நண்பர்கள் கூப்பிட்டதால் அன்று வெளியே போனேன். என் கையில் இருந்தது ஒரு கப் மட்டுமே. திடீரென்று போலீஸ் வந்து எல்லோரையும் பிடித்தது. நான் எப்போதும் சட்டத்தை மதிப்பவன். வழக்கு பிறகு தள்ளுபடியாகிவிட்டது. இந்தச் சம்பவம் எனக்கு வாழ்க்கையில் பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது."

தேதி இல்லை, குற்றச்சாட்டு இல்லை. கப்பில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் நழுவுகிறது. வழக்கு தானாகத் தள்ளுபடியானதுபோல் இருக்கிறது; டைவர்ஷன் திட்டத்தில் வகுப்புக்குப் போனதும் சேவை செய்ததும் காணோம். நண்பர்கள் மேல் பழி. பாடம் என்னவென்று இல்லை. வாசிப்பவருக்குத் தோன்றும் முதல் எண்ணம்: இவர் இன்னும் எதையோ மறைக்கிறார்.

அதையே இப்படி எழுதலாம்:

"2022 அக்டோபர் 15 இரவு, எனக்கு 19 வயது, விடுதிக்கு வெளியே நண்பர்களோடு பியர் குடித்துக்கொண்டிருந்தேன். நகரக் காவலர் அடையாள அட்டை கேட்டார், கொடுத்தேன். 21 வயதுக்குக் குறைந்தவர் மது வைத்திருந்த மிஸ்டிமீனர் குற்றச்சாட்டில் சம்மன் தந்து அங்கேயே அனுப்பிவிட்டார். கவுன்ட்டி நீதிமன்றம் என்னை டைவர்ஷன் திட்டத்தில் சேர்த்தது. 8 மணிநேர மது விழிப்புணர்வு வகுப்பையும் 24 மணிநேர சமூக சேவையையும் முடித்தேன். 2023 மே 4 அன்று வழக்கு தள்ளுபடியானது. பல்கலைக்கழகம் எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்தது. சட்டம் தெரிந்தே குடித்தேன், தவறு என்னுடையது. அதன்பின் வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ எதுவும் இல்லை. நீதிமன்ற உத்தரவின் நகலை இணைத்திருக்கிறேன்."

உணர்ச்சியே இல்லாமல் இருக்கிறதே என்று தோன்றலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். சம்பவத்தில் உங்களுக்கும் போலீசுக்கும் கருத்து வேறுபாடு இருந்தால், "அறிக்கையில் இப்படி இருக்கிறது, என் நினைவில் இப்படி" என்று ஒரே வரியில் இரண்டையும் சொல்லிவிட்டு நகருங்கள். நிறம், இனம் காரணமாகப் பிடித்தார்கள் என்று நீங்கள் உறுதியாக நம்பினால் அதைச் சொல்லும் உரிமை உண்டு, ஆனால் 1,325 எழுத்துக்குள் அதை நிறுவ முடியாது. வக்கீலிடம் காட்டாமல் எழுத வேண்டாம்.

போதையில் வண்டி ஓட்டிய வழக்கென்றால் ரத்த ஆல்கஹால் அளவைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 0.08, யூட்டாவில் 0.05. எண்ணை விட்டுவிட்டு "சற்றே கூடுதலாக" என்று எழுதியவர்களிடம்தான் அந்த எண்ணைத் திரும்பக் கேட்கிறார்கள். மெடிக்கல் பக்கம் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்பா எழுதித் தர வேண்டாம், கன்சல்டன்ட் எழுதித் தர வேண்டாம். நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் அதே விவரங்களை ஒரு நிமிடத்தில் வாயால் சொல்ல வேண்டியவர் நீங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்காதீர்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு: இங்கே கணக்கே வேறு

எஃப்-1 (மாணவர்), எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தார்) போன்ற விசாவில் இருந்தால், கல்லூரிக்கு "இல்லை" என்பது சரியாக இருக்கிற அதே வழக்குக்கு, டி.எஸ்.-160 விசா படிவத்தில் "ஆம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். எப்போதாவது கைதானதுண்டா அல்லது தண்டனை பெற்றதுண்டா, மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்றே அது கேட்கிறது. தள்ளுபடியும் சீலும் அங்கே செல்லாது.

இன்னும் நுட்பமான பொறி டைவர்ஷனில் இருக்கிறது. சில மாநிலங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, பிறகு திட்டத்தில் சேர்த்து, முடித்ததும் தள்ளுபடி செய்வார்கள். மாநிலச் சட்டப்படி அது தண்டனை இல்லை. குடிவரவுச் சட்டத்தின் வரையறையில், ஒப்புதலும் ஏதாவதொரு நிபந்தனையும் சேர்ந்தாலே அது குற்றத்தீர்ப்பு. கடைத் திருட்டு போன்ற நேர்மை தொடர்பான வழக்கில் இது பெரிய விஷயம். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். ஒப்புதலால் வரும் குடிவரவு விளைவைச் சொல்லும் கடமை உங்கள் கிரிமினல் வக்கீலுக்கும் உண்டு என்று 2010-இல் பாடியா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, எழுத்தில் கேளுங்கள்.

போதை ஓட்டுதல் கைதென்றால், தீர்ப்பு வரும் முன்பே தூதரகம் விசா ஸ்டாம்பை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். ஸ்டாம்ப் ரத்தானால் உள்ளே தங்கும் உரிமை உடனே போய்விடாது, ஆனால் வெளியே போனால் புது விசா எடுக்காமல் திரும்ப முடியாது. 2025 வசந்தத்தில் போலீஸ் தரவுத்தளத்தோடு பெயர்களை ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (அரசின் மாணவர் கண்காணிப்புத் தரவுத்தளம்) பதிவுகளை நிறுத்தினார்கள். தள்ளுபடியான வழக்கு உள்ளவர்களும் அதில் சிக்கினார்கள். வழக்குகள் குவிந்தபின் ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். முத்திரையிட்ட டிஸ்போசிஷன் கையில் இருந்தவர்கள் வக்கீலிடம் அன்றே போக முடிந்தது.

ஊரில் நடந்த கைது

"எப்போதாவது, எங்காவது" என்று கேட்டால் தமிழ்நாடும் அதில் அடக்கம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்கள், கல்லூரி வாசலில் மறியல் செய்தவர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும்: பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சோறு போட்டு, மாலையில் பெயர் எழுதிக்கொண்டு விட்டார்களே, அது கைதா?

பெரும்பாலும் அது தடுப்புக் கைது. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 151-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 170. அதோடு சில இடங்களில் சட்டவிரோதக் கூட்டம், 144 தடை மீறல் என்று எஃப்.ஐ.ஆரும் போட்டிருப்பார்கள். உங்கள் பெயர் அதில் இருப்பது பாஸ்போர்ட் விசாரணை வரை தெரியாமலே இருக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் எஃப்.ஐ.ஆர். தேடிப் பார்க்கலாம், வழக்கு நீதிமன்றம் போயிருந்தால் இகோர்ட்ஸ் தளத்தில் பெயரையோ 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ வைத்து நிலை பார்க்கலாம். ஜல்லிக்கட்டு வழக்குகளில், போலீசைத் தாக்கியது போன்றவற்றைத் தவிர மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அறிவிப்பு வேறு, உங்கள் வழக்கு எண்ணில் வந்த உத்தரவு வேறு. ஊர் வக்கீல் மூலம் நகல் மனு போட்டு உத்தரவை வாங்கி, சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள்.

குற்றத்தீர்ப்பை மட்டும் கேட்கும் படிவத்துக்கு மண்டபக் கதை வேண்டாம். கைதைக் கேட்டால் மூன்று வரி போதும்: எந்தப் போராட்டம், எந்தத் தேதி, அன்றே விடுவிக்கப்பட்டேன், வழக்கு உண்டு அல்லது இல்லை.

ஏற்கெனவே தப்பாகச் சொல்லியிருந்தால்

கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் "ஐயோ, அதைச் சொல்லவில்லையே" என்று பலருக்கு உறைக்கும். பார் விண்ணப்பத்துக்கு முன் திருத்தினால் அது திருத்தம். பார் குழு கண்டுபிடித்துக் கேட்டபின் சொன்னால் அது ஒப்புதல். இரண்டையும் அவர்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மாணவர் விவகார டீனுக்கு, விண்ணப்பத்தைத் திருத்த விரும்புவதாக ஒரு கடிதம், சம்பவ விளக்கம், டிஸ்போசிஷன், ஏன் அன்று விட்டீர்கள் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் "கேள்வி புரியவில்லை" என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கல்லூரி நடவடிக்கை எடுக்கவும் கூடும் என்பதால், கடிதத்தை அனுப்பும் முன் உரிமம் சார்ந்த வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கடுமையான குற்றத்தைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. 16 வயதில் கார் கடத்தல் வழக்கில் எட்டாண்டுக்கும் மேல் சிறையில் இருந்த ரெஜினால்ட் டுவெய்ன் பெட்ஸ், யேலில் சட்டம் படித்து, முதலில் தடங்கல் வந்தும் 2017-இல் கனெடிகட் பாரில் சேர்ந்தார். சிறையிலிருந்து வந்து சட்டம் படித்த டாரா சிமன்ஸை பார் தேர்வு எழுத விட வேண்டும் என்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் சொன்னது. தண்டனையில் முடியாத கைது ஒருவரின் நடத்தையைப் பற்றி எதையும் பெரிதாக நிரூபிக்காது என்பதை 1957-இலேயே ஷ்வேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்ப்பக்கம் ஸ்டீபன் கிளாஸ்: பொய்ச் செய்திகள் எழுதிய பத்திரிகையாளர், கைதே ஆனதில்லை. 2014-இல் கலிபோர்னியா அவருக்கு பார் அனுமதி மறுத்ததற்கு, முந்தைய நியூயார்க் பார் விண்ணப்பத்தில் தான் எவ்வளவு ஒத்துழைத்தேன் என்பதை மிகைப்படுத்தியதும் ஒரு காரணம்.

அனுப்பிய பிறகு

மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்ததும் ஆம்காஸை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. அமைப்பின் ஏற்பாட்டில் பின்னணிச் சோதனை நடக்கும். அறிக்கை கல்லூரிக்குப் போகும் முன் உங்களுக்கு வரும், பார்த்துச் சொல்லப் பத்து நாள் அவகாசம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழுவது உண்டு. பெயர் ஒத்துப்போவதால் வேறொருவர் வழக்கு உங்கள் தலையில் வந்து சேரலாம். இனிஷியலை விரித்து எழுதுவதும், அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறுவதும் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பத்தைக் கூட்டும். பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, ட்ரான்ஸ்க்ரிப்ட் மூன்றிலும் உள்ள பெயர் வடிவங்கள் அனைத்தையும் படிவத்தில் கொடுங்கள். தப்பான பதிவு இருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தெரிவியுங்கள்.

விண்ணப்பம் அனுப்பியபின் புதிதாக ஏதாவது நடந்தாலும் சொல்ல வேண்டும். ஆம்காஸ் விதிப்படி, விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் பத்து வேலைநாளுக்குள். லா ஸ்கூல்கள் பட்டம் வாங்கும் வரை இந்தக் கடமை தொடரும் என்று சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்கிவிடும். மே மாதம் நண்பர்கள் கொடுக்கும் பட்டமளிப்பு விருந்துக்குப் போய் வீடு திரும்பும்போது வண்டி ஓட்டும் முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.